வாரியப்பூண்டும் மஞ்சள் துப்பட்டாவும்

நவம்பர் 6

பூத்துவிட்டது, பூத்துவிட்டது, சுக்கான்விளைப் பொட்டலில் என் வாரியப்பூண்டு பூத்தேவிட்டது மக்களே!

இருங்கள், மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

'என்ன செடி இது' குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: நான் பேச்சியம்மாள். இங்கே பச்சைப்பேச்சி. திருச்செந்தூரில் பஸ் ஏறி, எல்லோரும் இறங்கிய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் எங்கள் ஊர் வரும். அஞ்சல் வழியில் பி.காம். படிக்கிறேன். செடி படித்ததெல்லாம் இந்தக் குழுவிலும் யூடியூபிலும்தான், அதனால் தப்பாகச் சொன்னால் திட்டாமல் திருத்துங்கள். தினமும் எழுது என்று நீங்கள் கேட்டதால்தான் இந்த நாட்குறிப்பு. நான்கு பேர்தான் கேட்டீர்கள், பரவாயில்லை.

எங்கள் பக்கம் துடைப்பத்துக்குப் பெயர் வாரியல். வாரியலைத் தலைகீழாக மண்ணில் நட்டுவைத்த மாதிரி, இலையே இல்லாமல், முழங்கால் உயரத்துக்குப் பச்சை ஈர்க்குச்சிகள் கற்றையாக நிற்கும். அதனால் வாரியப்பூண்டு. கோடையில் காய்ந்து கருகிச் செத்தது போலக் கிடக்கும். மழை விழுந்ததும் அதே வேரிலிருந்து மறுபடி எழுந்து நிற்கும். முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவில் பெரிய கற்றை ஒன்று, சுற்றிலும் குட்டி குட்டியாகச் சில. இவ்வளவுதான். வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இது பூக்கும் என்றே ஊரில் யாருக்கும் தெரியாது. ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. உச்சிவெயிலில் விரிந்து, வெயில் தாழ்ந்ததும் சுருண்டுகொள்கிறது. உச்சிவெயிலில் பொட்டலுக்கு எவள் போவாள்?

நான் போவேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். மொச்சைப்பூ மாதிரி சின்ன வடிவம், நடுவில் செம்மண் நிறத்தில் இரண்டு கோடு. படங்கள் கீழே. நடுங்கியது போன் இல்லை, நான்.

(அசைன்மென்ட் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

நவம்பர் 7

பாளையங்கோட்டையில் செடி ஆராய்ச்சி செய்கிற அமுதவல்லி அக்கா பதில் போட்டுவிட்டார்! குரல் பதிவு! ஏழு தடவை கேட்டேன்.

"பேச்சி, படம் அருமை. ஆனா பூவ மட்டும் வச்சி நான் பேர் சொல்ல மாட்டேன். காய் வேணும். காய் முத்தி, உள்ள விதை எப்படி இருக்குன்னு பாத்தாத்தான் இது எதுன்னு சொல்ல முடியும். இன்னும் ஒரு மாசம் அந்தச் செடிய யாரும் தொடாம பாத்துக்கோ, சரியா?"

ஒரு மாதம்தானே. அந்தப் பொட்டலில் யார் தொடப்போகிறார்கள்? கவுதாரி கூட அந்தப் பக்கம் அவசரமாகத்தான் ஓடுகிறது.

நவம்பர் 9

தொடப்போகிறார்கள். என் அண்ணனே.

அண்ணன் பெயர் செந்தூர்பாண்டி. சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்து 'சுக்கான்விளை இளைஞர் பசுமை இயக்கம்' ஆரம்பித்திருக்கிறான். இயக்கத்தில் நிறையப் பேர் உண்டு, பச்சை டீ-ஷர்ட் கொடுத்த அன்றைக்கு மட்டும். இன்று இட்லி தின்றுகொண்டே சொன்னான்:

"பொட்டலைச் சுத்தம் பண்ணி குறுங்காடு வைக்கப் போறோம். செவ்வாக்கெழமை ஜேசிபி வருது. மரக்கன்னு லாரியில வந்துட்டிருக்கு."

"அண்ணே, அங்கன என் வாரியப்பூண்டு நிக்கில்லா!"

"வாரியலா? அதுக்கு கடையில போய் ஒண்ணு வாங்கிக்கோ."

"அது பூத்திருக்கு அண்ணே. காய் வேணும். ஒரு மாசம் பொறு."

"மழை ஒரு மாசம் பொறுக்குமாட்டி? வெறும் பொட்டக்காடு. அதுல என்ன இருக்கு? நாலு உடைமரம், நாப்பது ஓணான்."

"அதுவும் காடுதான!"

"மரம் இருந்தாத்தான் காடு. இதெல்லாம் புதரு. ஊரே என்னைய வேலையில்லாத பயன்னு பாக்கு. ஒரு நல்லது செய்யலாம்னு வாரேன், வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி!"

அம்மா கரண்டியால் இட்லிப்பானையைத் தட்டினாள். "ரெண்டு பேரும் வாய மூடிட்டு தின்னுங்க. பூண்டாம், காடாம். ஏட்டி, நேத்து மத்தியானம் எங்க போன? மொகம் கருகிக் கெடக்கு."

லைப்ரரி என்றேன். எங்கள் ஊரில் லைப்ரரி கிடையாது. அம்மா என் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

நவம்பர் 10

பெரிய கற்றையை ஒட்டி நிற்கிற உடைமரத்தில் என் மஞ்சள் துப்பட்டாவைக் கட்டிவிட்டு வந்தேன். ஜேசிபிக்காரருக்கு அடையாளம் தெரிய வேண்டும், வேறு ஒன்றுமில்லை. அடியில் மூன்று கல் வைத்தது காற்றுக்காக. செங்குத்தாக வைத்தால்தான் நிற்கிறது. மஞ்சள்தான் கையில் கிடைத்தது.

நவம்பர் 11

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள் என் மேல் தப்பு உண்டா என்று.

ஜேசிபி சத்தம் கேட்டதும் ஓடினேன். பாண்டி அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தான். வண்டி உடைமரத்துக்கு முன்னால் உறுமிக்கொண்டே நின்றது. ஓட்டுகிறவர் மைக்கேல் அண்ணன். எங்கள் பக்கத்தில் கிணறு தோண்டினாலும் ரோடு போட்டாலும் அவர் வண்டிதான். துப்பட்டாவைப் பார்த்தார். மூன்று கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வண்டியிலேயே போட்டுவிட்டு இறங்கினார்.

"தங்கச்சி! இது என்ன சாமி?"

இஞ்சின் அணைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

"சாமியா? அது வாரியப்..."

'பூண்டு' என்றும் சொன்னேன். சொன்னேன்தான். வண்டி ஒரு தும்மல் போட்டது.

"வாரியம்மாவா? மாரியம்மாவுக்குத் தங்கச்சியா இருக்குமோ?"

என் வாய் திறந்தேதான் இருந்தது. புழுதி போய்விட்டது, இருமல் வந்துவிட்டது. நான் என்ன செய்ய?

அண்ணன் வந்து சேர்ந்தான்.

"என்ன மைக்கேலு, ஏன் நிறுத்திட்ட?"

"பாண்டி, நான் வேதக்காரன், ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன். ஆனாலும் ஒரு தாய் இருக்குத எடத்துல பக்கெட்ட இறக்க மாட்டேன். வீட்டுல பொம்பளைக்கு இது நெறமாசம்."

"எந்தத் தாய்? நேத்து வரைக்கும் இங்கன ஒண்ணும் கெடையாதே!"

"நேத்து வந்து பாத்தியா?"

"நேத்து வரல."

"பொறவு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் உடைமரத்தின் பட்டையைப் பார்த்தேன். நல்ல பட்டை. வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது, தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

வண்டி திரும்பிவிட்டது! செடி பிழைத்தது! எல்லோரும் பூ எமோஜி போடுங்கள்!

ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "மஞ்சத் துப்பட்டா எங்கட்டி?"

"கொடியில காயுது."

நவம்பர் 12

துப்பட்டாவுக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. நான் வைக்கவில்லை.

நவம்பர் 14

வெள்ளிக்கிழமை. பொட்டலில் கூட்டம்.

மைக்கேல் அண்ணன் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அவர் வண்டி தானாக நின்றதாம். சாவியைத் திருகியும் கிளம்பவில்லையாம். (வண்டி உறுமிக்கொண்டே நின்றது, என் காதே சாட்சி.) மறுநாள் அவர் மனைவிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது.

தெருவில் எதற்கும் முதல் ஆளாக நிற்கிற சொர்ணம் அத்தைதான் பால் குடத்தோடு முன்னால் வந்தார். மண்ணெல்லாம் எண்ணெய். குட்டிச் செடிகள் நின்ற இடத்தில் பொங்கல் அடுப்பு. கூட்டத்தில் நான் மிதிபட்டது பரவாயில்லை, செடி மிதிபட்டது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. பூவைப் பறிக்கிறார்கள்! பிரசாதமாம்! ஆளுக்கு ஒரு கொத்து, தலையில்!

"அத்தை, பூவப் பறிக்காதீங்க. பூ போனா காய் இல்ல."

"காயி எதுக்குட்டி? கொழம்பா வைக்கப் போற?"

அத்தை துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "இங்க பாத்தியளா? ஆத்தா பாதம் பதிஞ்சிருக்கு!"

பழுப்பு நிறத்தில், முன்னால் கூராக, பின்னால் அகலமாக ஒரு தடம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது பாதம் இல்லை. போன தீபாவளிக்கு எடுத்த துப்பட்டா அது. இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு உங்கள் குழுவில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

எண்ணிப் பார்த்தேன். முள்ளுக்குள் கை எட்டாத இடத்தில் மட்டும் கொஞ்சம் பூ மிச்சம்.

நவம்பர் 16

உண்மையைச் சொல்லிவிடு என்று குழுவில் பாதிப் பேர் சொன்னீர்கள். சொன்னால் ஜேசிபி திரும்பி வரும் என்று மீதிப் பேர். இரண்டு பக்கமும் நியாயம். ராத்திரி தூக்கமில்லை. இன்று போய்ச் சொல்லிவிட்டேன். சொர்ணம் அத்தையிடமே.

"அத்தை, அது என் துப்பட்டா. நான்தான் கட்டினேன்."

"தெரியும்ட்டி."

"தெரியுமா?"

"உன் மேல கெடந்ததப் பாத்திருக்கனே. ஊர்ல எத்தன பிள்ளைய இருக்கு, உன்னையக் கூப்பிட்டு ஏன் கட்டச் சொன்னா? பேரே பேச்சி, சாமி பேரு. ஆளப் பாத்துத்தான் வேலை சொல்லியிருக்கா."

"யாரும் சொல்லல அத்தை. அது பாதமும் இல்ல, இஸ்திரிப்பெட்டி."

"அவ இஸ்திரிப்பெட்டியிலயும் வருவா." அத்தை என் தாடையைத் தொட்டு முத்தம் கொடுத்தார். "அடுத்த வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்திட்டு வா. நீதான் வெளக்கு ஏத்தணும்."

உண்மையைச் சொன்னதற்கு எனக்குப் பதவி உயர்வு.

நவம்பர் 18

மஸ்கட்டில் வேலை பார்க்கிற எங்கள் ஊர் தவசிக்கனி மாமாவின் குரல் பதிவு ஊர் பூராவும் சுற்றுகிறது. ஆத்தாவை வேண்டிக்கொண்டதில் அவர் மகளுக்கு நல்ல இடம் அமைந்ததாம். அதற்கு நன்றிக்கடன்.

"ஆத்தா வெயில்ல நிக்கக் கூடாது. கிரானைட்டுல பீடம், சுத்தி இரும்பு கிரில்லு, மேல தகரக் கூரை, எல்லாம் என் செலவு. அந்த வாரியல் மாதிரி கெடக்கே, அதப் புடுங்கிட்டு நல்ல அரளியா ரெண்டு வைங்க. வெள்ளிக்கிழம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிருங்க."

யார் செடியால் இந்தச் சாமி வந்ததோ அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு அரளியாம்!

அமுதவல்லி அக்காவுக்குப் போன் செய்தேன். பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால்?

"வேர் ஆழமா போகும் பேச்சி. மேல பாக்கறது கொஞ்சம், கீழ இருக்கறதுதான் செடி. அறுந்துச்சுன்னா அவ்வளவுதான். பிஞ்சு பிடிச்சிருக்கா?"

முள்ளுக்குள் குனிந்து பார்த்துவிட்டேன். மூன்று பூ உதிர்ந்த இடத்தில் பச்சை மிளகு அளவுக்குப் பிஞ்சு. இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான்.

அண்ணனிடம் போனேன். முற்றத்தில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். லாரியில் வந்து இறங்கியவை, வைக்க இடமில்லாமல் பாதி வாடிவிட்டன. டீ-ஷர்ட் ஆட்கள் ஒருவரும் இல்லை.

"அண்ணே, என் மேல கோவமா?"

"ஒன் மேலயா? வாரியம்மன் மேலன்னுல்லா நெனச்சேன்."

சிரித்தான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டாவது குடத்தை நான் பிடித்தேன். அம்மா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர் 20

அழுகை வருகிறது. இதற்கு மேல் எழுதவில்லை.

நவம்பர் 21

எழுதாமல் இருக்க முடியுமா? கேளுங்கள்!

காலையில் கொத்தனார் மண்வெட்டியோடு வந்துவிட்டார். தேங்காய், பழம், மஞ்சள் தடவிய செங்கல். நான் தலைக்கு ஊற்றிவிட்டு விளக்கோடு நிற்கிறேன். அம்மாவும் பொங்கல் பானையோடு வந்திருந்தாள். இதுவரை ஒரு நாளும் அங்கே வராதவள்.

துப்பட்டா ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அம்மா அதைச் சரியாகக் கட்டப் போனாள். ஓரம் கையில் வந்தது. பாதத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

கொத்தனார் மண்வெட்டியை ஓங்கினார்.

"ஏலேய்!"

யார் கத்தியது என்று எனக்கே முதலில் புரியவில்லை. அம்மா! கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்து, கண் ரெண்டும் மேலே போய், உடம்பெல்லாம் ஆட்டம். அம்மாவுக்கு இதுவரை சாமி வந்ததே கிடையாது. ஊர்க் கோயில் கொடையில் எல்லோரும் ஆடும்போது செருப்புகளைக் காவல் காக்கிற ஆள் அம்மா.

"யாரக் கேட்டுலே மம்பட்டிய எடுத்த?"

கொத்தனார் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். சொர்ணம் அத்தை விழுந்து கும்பிட்டார். "ஆத்தா! என்ன கொற? சொல்லு தாயி!"

"எனக்கு வெயிலு வேணும்! காத்து வேணும்! கூரை போட்டு என்னைய அடைக்கப் பாக்கியளா?"

"இல்ல தாயி, இல்ல!"

"பாலு கேட்டனா? எண்ணெ கேட்டனா? என் மண்ணுல ஏன் ஊத்துதிய? என் முடியப் பிச்சி பிச்சி உங்க தலையில வச்சிட்டுப் போறியளே, எனக்கு வலிக்காதா?"

தலையில் பூ வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவசரமாகக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"மன்னிச்சிரு ஆத்தா! இந்தச் செடிதான் உன் முடியா? ஒரு ஈர்க்கு கூடத் தொட மாட்டோம்!"

"செருப்போட என் எல்லைக்குள்ள வரக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. எம் பிள்ளை கொண்டாந்த கன்னெல்லாம் வாடிட்டுக் கெடக்கு. அத எடுத்துட்டுப் போயி கொளத்தங்கரையில வைங்கலே! எல்லாரும் சேந்து வைக்கணும்! அவன் ஒத்தையில எத்தன கொடம் சொமப்பான்?"

பாண்டி அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"வைக்கோம் தாயி! இன்னைக்கே வைக்கோம்!"

ஆட்டம் குறைந்தது. அத்தை விபூதி எடுத்துக்கொண்டு கிட்டே போனார். அம்மா கண்ணை மூடியபடியே கடைசியாக ஒன்று சொன்னாள்.

"வெளக்கேத்த அந்தப் பிள்ளையக் கூப்பிடாதிய. அவளுக்கு அசைன்மென்ட் இருக்கு."

வாரியம்மனுக்கு அசைன்மென்ட் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் குளத்தங்கரையில் ஊரே நின்றது. அண்ணன் குரல் கட்டும் வரைக்கும் கத்தினான், "ஆழமாத் தோண்டுங்க, நெருக்கி வைக்காதிய!" யாரும் அவனை வேலையில்லாதவன் மாதிரி பார்க்கவில்லை. மைக்கேல் அண்ணன் கைக்குழந்தையோடு வந்து ஒரு கன்று வைத்தார். குழந்தைக்கு வாரியா என்று பெயர் வைத்திருக்கிறாராம். மரியாவும் வாரியும் சேர்ந்ததாம்.

நவம்பர் 22

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எம்மா, நேத்து..."

"எனக்கு ஒண்ணும் நெனவில்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

நானும் ஒரு வெங்காயம் எடுத்தேன். பாதி உரித்தபோது அம்மாவே ஆரம்பித்தாள்.

"புதுசா ஒரு மஞ்சத் துணி வாங்கித் தாரேன். அதக் கட்டிட்டு, அந்தத் துப்பட்டாவ அவுத்துட்டு வந்துரு."

"ஏம்மா?"

"இஸ்திரிப்பெட்டிய ஏத்தி வச்சிட்டு நீ போனு பாத்தத ஊரு பூராவும் கும்பிட்டுட்டுக் கெடக்கு. எனக்கு மானம் போவுது."

எனக்குக் கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான்.

"எம்மா, நான் வந்து..."

"ஏட்டி, போய் எழுது. ஆத்தா சொல்லியிருக்கால்லா."

நவம்பர் 25

அசைன்மென்ட் அனுப்பிவிட்டேன். ஐந்தும்.

டிசம்பர் 13

கிலுகிலுக்கிறது!

காய்ந்த காயைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே விதை ஓடுகிற சத்தம். ஒரே ஒரு காயைத்தான் எடுத்தோம். 'தோம்' என்றால், அமுதவல்லி அக்கா நேரிலேயே வந்திருந்தார்! பாளையங்கோட்டையிலிருந்து! பொட்டலின் விளிம்பில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்தார், தானும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பூதக்கண்ணாடியை வைத்து விதையைப் பார்த்தார், ஈர்க்கைப் பார்த்தார், ஒரு தாளில் வரைந்தார்.

"புதுச் செடி இல்ல பேச்சி."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பேர் உள்ள செடிதான். ஆனா வறண்ட மணல் நாட்டுல, ரொம்ப வடக்க இருக்கறது. நம்ம பக்கத்துல இருக்குன்னு இதுவரை யாரும் எழுதி வச்சதா எனக்குத் தெரியல. இனிமே எழுதலாம். சுக்கான்விளை, பாத்தது பேச்சியம்மாள்."

பச்சைப்பேச்சி என்று போட முடியுமா என்று கேட்டேன். முடியாதாம்.

மிதிபட்ட குட்டிகளில் பாதி மறுபடி தளிர்விட்டிருக்கிறது. பக்கத்தில் அம்மா வாங்கிக் கொடுத்த புது மஞ்சள் துணி காற்றில் ஆடுகிறது. நாலு உடைமரமும் நாற்பது ஓணானும் அப்படியே இருக்கின்றன. அண்ணன் இப்போது வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்கிறான், "இது வெறும் பொட்டல் இல்லீங்க, இதுவும் ஒரு வகைக் காடு." நான் சொன்னபோது இட்லி தின்றவன்.

இனி உங்கள் வேலை, மக்களே. ஒருநாள் உச்சிவெயிலில் உங்கள் ஊர்ப் பொட்டலுக்குப் போங்கள். காய்ந்த வாரியல் மாதிரி ஏதாவது நிற்கிறதா பாருங்கள். மஞ்சளாகப் பூத்திருந்தால் பறிக்காமல் படம் எடுத்து, ஊர்ப்பெயரோடும் உங்கள் பக்கம் அதற்குச் சொல்கிற பெயரோடும் இங்கே போடுங்கள். செடிப் படத்தை எங்கே வேண்டுமானாலும் பகிருங்கள். அம்மா கதை மட்டும் இந்தக் குழுவைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரிலிருந்து பாண்டி அண்ணன் ஒருவன்தான் இதில் இருந்தான், குட்மார்னிங் படமாகப் போட்டதால் எப்போதோ நீக்கிவிட்டோம்.

உங்கள் பொட்டலுக்கு நாளைக்கே ஜேசிபி வருகிறது என்றால் உடனே எனக்குச் செய்தி அனுப்புங்கள். என்னிடம் ஒரு மஞ்சள் துப்பட்டா சும்மாதான் இருக்கிறது, ஓரத்தில் பாதம் பதிந்தது. தபாலில் போடுகிறேன். மூன்று கல்லை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.